சைக்கிள் ஓட்ட முடிகிறது, தெருமுனை வரை நடக்க முடியவில்லை: ஸ்பைனல் ஸ்டெனோசிஸை ஆபரேஷன் இல்லாமல் சமாளிப்பவர்கள் இருக்கிறீர்களா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 69. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் கும்பகோணத்தில், நான் சென்னையில். சுகர் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

கொஞ்ச நாளாகவே நடந்தால் இரண்டு காலும் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கனத்துப்போகிறது, அப்புறம் மரத்துப்போகிறது என்கிறார். முன்பெல்லாம் விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி வாக்கிங் போவார். இப்போது ஒரு கரையைத் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறார். நின்றாலும் அடங்குவதில்லை. எங்காவது உட்கார வேண்டும், இல்லை என்றால் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், எதுவுமே நடக்காதவர்போல எழுந்து நடக்கிறார்.

வீட்டில் சண்டை எங்கே வருகிறது என்றால், இதே மனுஷர் சைக்கிளில் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார். வலியே இல்லையாம். அம்மாவால் இதை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. "கோயிலுக்கு வாங்கன்னா கால் வலி, சைக்கிள்னா மட்டும் வலி இல்லையாக்கும்?" என்று கேட்கிறாள். எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான். நடக்கும்போது முன்னால் சாய்ந்தபடியே நடக்கிறார். "இப்படிக் கூன் போடாதீங்க, நிமிருங்க" என்று அம்மா அதட்டுவாள். நிமிர்ந்தால்தான் வலி கூடுகிறது என்று இவர் எரிந்து விழுவார்.

எம்ஆர்ஐ எடுத்தோம். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4-எல்5 என்ற இடத்தில் கடுமையான கெனால் ஸ்டெனோசிஸ் (நரம்புகள் போகும் குழாய் சுருங்கிப்போவது), அதற்கு மேலே எல்3-எல்4ல் மிதமானது என்று ரிப்போர்ட். எல்4-எல்5ல் குழாயின் விட்டம் 8 மி.மீ. என்று போட்டிருக்கிறது. முதலில் பார்த்த இடத்தில், "உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா படுத்த படுக்கைதான்" என்று சொல்லி அன்றைக்கே தேதி கொடுக்கப் பார்த்தார்கள். இன்னொரு டாக்டரோ, மூன்று மாதம் பிசியோதெரபி பண்ணிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம் என்கிறார். ராத்திரிக்கு நரம்பு வலிக்கான ப்ரீகேபலின் மாத்திரையும் மெத்தில்கோபாலமினும் கொடுத்திருக்கிறார். ப்ரீகேபலின் ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தள்ளாடுகிறாராம்.

யாராவது ஆபரேஷன் இல்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தால் நிஜமாகவே என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். யூடியூபில் முதுகு வலிக்கு என்று ஆயிரம் வீடியோ இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தரையில் மல்லாந்து படுத்தால் சரியாகும் என்று ஒரு மாமா, பெல்ட் போடச் சொல்லி இன்னொரு மாமா. தலை சுற்றுகிறது.

ஊர்சுற்றி:

இதுக்கெல்லாம் ஆபரேஷன் எதுக்கு ப்ரோ. எங்க ஊர் பக்கம் ஒருத்தர் இருக்கார், குப்புறப் படுக்க வச்சு முதுகுல ஏறி மிதிச்சு விடுவார். மடக்குன்னு ஒரு சத்தம், அதோட வலி போச்சு. என் சித்தப்பாவுக்குப் பண்ணாங்க.

கட்டிங் மாஸ்டர்:

மேல இருக்கற தம்பி கோவிச்சுக்கக் கூடாதுங்க, அந்த மிதிக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சித்தப்பாவுக்குப் புடிச்சுகிட்டது வேற ஏதாவதா இருக்கும். குப்புறப் போட்டு முதுக அமுக்கினா இடுப்பு பின்னால வளையும். இந்த நோய்க்கு ஆகாதது அதுதான்.

காவிரிக்கரை தம்பி, முதல் வேலையா அம்மாகிட்டச் சொல்லிருங்க, அப்பா நடிக்கல. நடந்தா வலி, சைக்கிள்ல போனா வலி இல்லைங்கறது இந்த நோயோட அடையாளமே. என்னைப் பார்த்த டாக்டர் மொதல் கேள்வியே, "கடைல தள்ளுவண்டியப் புடிச்சுட்டு நடந்தா எப்படி இருக்குது?"ன்னுதான் கேட்டார். நான் அசந்துபோயிட்டேன். பெரிய சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டி மேல முழங்கையப் போட்டுட்டு எத்தனை நேரம் வேணும்னாலும் நான் சுத்துவனுங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். வயசு 64, இன்னும் பாதி நாள் வேலைக்குப் போறேன். துணிய லே விரிச்சு, மார்க்கர வச்சு, கத்திய ஓட்டறது. நாள் பூரா நின்ன வேலை. ஆனா டேபிள்ல நிக்கறப்ப எனக்கு ஒரு தொந்தரவும் கெடையாது. ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா டீக்கடை வர்றதுக்குள்ள ரெண்டு காலும் ஈயம் ஊத்தின மாதிரி ஆயிரும். ரோட்டோரத்துல குத்த வச்சு உட்கார்ந்தாத்தான் உசுரு வரும். "மாஸ்டருக்கு வேலை செய்யறப்ப வலி இல்ல, வீட்டுக்குப் போறப்பத்தான் வலி, வீட்ல என்ன பிரச்சனையோ"ன்னு சூப்பர்வைசர் பையன் ஒரே கிண்டல்.

டேபிள்ல நான் எப்படி நிக்கறேன்? முன்னால சாஞ்சு, ரெண்டு முழங்கையும் துணி மேல. இடுப்பு குனிஞ்சிருக்குது. குனியறப்ப முதுகுத்தண்டுக்குள்ள இருக்கற குழாய் சித்த அகலமாகி நரம்புக்கு எடம் கெடைக்குது. நிமிர்ந்தாலோ பின்னால சாஞ்சாலோ உள்ள தடிச்சுப்போன ஜவ்வு மடிஞ்சு குழாய இன்னும் நெருக்குது. உங்கப்பா சைக்கிள் ஹேண்டில் பாரப் புடிச்சுட்டு குனிஞ்சு உட்கார்றாரு, அதனால வலி இல்ல. கூன் போட்டு நடக்கறதும் சோம்பேறித்தனம் இல்லைங்க, ஒடம்பு தானா கண்டுபுடிச்ச வைத்தியம் அது. நிமிரச் சொல்லி அதட்டறத அம்மா நிறுத்தினாலே பாதி சண்டை தீந்துரும்.

இது புரிஞ்சப்பறம் எனக்கு எதெல்லாம் ஆகாதுன்னு வரிசையா வெளிச்சமாச்சு. பஸ்ல மேல கம்பியப் புடிச்சுட்டு நிக்கறது. ரேஷன் கடை க்யூ. கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளைக்குக் கை குடுக்க மேடை ஓரமா நிக்கற க்யூ (இதுதான் படு மோசம், சித்தியும் பெரியம்மாவும் போட்டோவுக்கு நின்னு நின்னு நகரவே மாட்டாங்க). பரண்ல இருந்து சாமான் எடுக்கறது. கோபுரத்த அண்ணாந்து பாக்கறது. எல்லாத்துலயும் இடுப்பு பின்னால வளையுது, இல்லைன்னா விறைப்பா நிக்குது. பழனி மலைல ஏறறப்ப எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல, ஏன்னா ஏறறப்ப நாம முன்னால சாயறோம். எறங்கறப்பத்தான் ஒடம்பு பின்னால போகுது, கால் செத்துப்போயிரும். இப்ப படியில ஏறிட்டு விஞ்ச்ல எறங்கிக்கறேன். பாக்கறவங்களுக்கு விசித்திரமா இருக்குது, எல்லாரும் விஞ்ச்ல ஏறிப் படியில எறங்குவாங்க.

நான் என்ன செய்யறேன்னு கேட்டீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. நடக்கறப்ப பழைய சைக்கிளத் தள்ளிட்டே போறேன். ஏறறதில்ல, சும்மா தள்றதுதான். ஹேண்டில் பார் மேல பாரத்தப் போட்டுட்டு நடந்தா டீக்கடையத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிரலாம். சைக்கிளத் தள்ளிட்டு நடக்கற மனுசன யாரும் நோயாளியாப் பாக்கறதில்ல. வாக்கர் வாங்கிக் குடுத்தா உங்கப்பா தொடவே மாட்டார், எழுதி வச்சுக்குங்க.

ரெண்டாவது, வலி வந்தப்பறம் உட்கார்றதில்ல, வர்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்தர்றது. வலிய வர விட்டுட்டா அப்பறம் அடங்க நேரம் ஆகும், அன்னைக்குப் பூராவும் நடை கொறஞ்சுரும். முன்னாடியே உட்கார்ந்து எந்திரிச்சா அதே தூரத்தப் பங்கு போட்டுப் போயிரலாம். மகாமகக் குளத்தச் சுத்தி உட்கார எடத்துக்கா பஞ்சம்? மண்டபம் மண்டபமாக் கட்டி வச்சிருக்காங்க. ஒரு மண்டபத்துல உட்கார்ந்து எந்திரிச்சு அடுத்த மண்டபம்.

டேபிளுக்கு அடியில ஒரு மரக்கட்டை போட்டிருக்கேன், நாலு இஞ்சு உசரம். ஒரு கால அது மேல வச்சுட்டு வெட்டுவேன், சித்த நேரம் கழிச்சு கால மாத்திக்குவேன். ஒரு கால் மேல இருந்தா இடுப்பு வளைவு கொறையுதுங்க. அம்மா அடுப்படில நிக்கறப்ப பண்ணினாக்கூட நல்லதுதான். படுக்கறது ஒருக்களிச்சு, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலகாணி. மல்லாந்து காலை நீட்டிப் படுத்தா எனக்கு விடியறதுக்குள்ள மரத்துப்போகும். மல்லாந்துதான் படுப்பேன்னா முழங்காலுக்கு அடியில ரெண்டு தலகாணி வச்சு மடக்கிப் படுக்கச் சொல்லுங்க. காலைல எந்திரிக்கறதுக்கு முன்னாடி கட்டில்லயே ஒவ்வொரு முழங்காலா நெஞ்சுக்கு இழுத்துப் புடிக்கறது, அப்பறம் இடுப்பப் படுக்கையோட அழுத்தி வயித்த இறுக்கறது. பல் தேய்க்கறதுக்கு முன்னாடி முடிஞ்சுரும். பெல்ட் இருக்குது, ஈரோட்டுக்கு பஸ்ல போனா மட்டும் கட்டுவேன். நாள் பூரா கட்டினா இடுப்புச் சதை வேலைய மறந்துரும்.

ஒண்ணு சொல்லிர்றேன். எனக்குக் கொணமாயிருச்சுன்னு நான் சொல்லல. மறுபடி எம்ஆர்ஐ எடுத்தா அதே நெருக்கந்தான் இருக்கும், தடிச்ச எலும்பு உடற்பயிற்சில கரையாது. நான் நடக்கற தூரந்தான் மாறியிருக்குது. டாக்டர்கிட்ட மறுபடி போறப்பவும் படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துட்டு இருக்க வேண்டாம். எவ்வளவு தூரம் நடக்கறார், எத்தனை எடத்துல உட்கார்றார், அதச் சொல்லுங்க.

பிசியோ மதுரை:

மாஸ்டர் அனுபவத்தில் பிடித்த விஷயம் எல்லாமே சரி. நான் பிசியோதெரபிஸ்ட், சில விஷயங்களைச் சேர்க்கிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதால் இதை வைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் கேள்வி கேளுங்கள், இதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காவிரிக்கரை சார், சுகர் இருப்பவர் நடந்தால் கால் வலி என்றால் ரத்த ஓட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அந்த வலி சும்மா நின்றாலே அடங்கும், உட்காரத் தேவையில்லை. சைக்கிள் மிதித்தாலும் வரும். அப்பாவுக்கு நின்றால் அடங்குவதில்லை, குனிந்தால் அடங்குகிறது, சைக்கிளில் வருவதில்லை. எல்லாமே நரம்பு நெருக்கலைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி தெரிகிறதா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் சோதனை உண்டு, ஊசிகூட இல்லை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

அடுத்தது பி12. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறைய வாய்ப்பு உண்டு. அதனாலும் கால் மரக்கும், நடை தள்ளாடும். மெத்தில்கோபாலமின் என்பது பி12தான். ஆனால் ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்துவிட்டதால் ரத்தத்தில் அளவு கூடித் தெரியலாம், பரிசோதனை எடுக்கும்போது அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ப்ரீகேபலின் பற்றி: தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுகள். 69 வயதில் ராத்திரி பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஸ்டெனோசிஸெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, சுகர்காரர்களுக்கு கிரியாட்டினின் பார்த்து அளவு வைக்க வேண்டும். அவராகவே சட்டென்று நிறுத்தவும் கூடாது. இந்த வாரமே டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுங்கள். அதுவரை பாத்ரூமுக்குப் போகும் வழியில் ராத்திரி லைட் எரியட்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளையும் தினமும் போட விடாதீர்கள், அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். ஒத்தடப் பை வைத்தால் இடுப்பில் மட்டும், துணி சுற்றி. மரத்துப்போன பாதத்தில் வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் கொப்புளம் வந்து, அது ஆறாத புண்ணாகிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யூடியூப் வீடியோக்கள் ஏன் முரண்படுகின்றன என்றால், முதுகு வலி என்பது ஒரே நோய் இல்லை. டிஸ்க் பிதுங்கியவர்களில் பலருக்குக் குனிந்தால் வலி, பின்னால் வளைந்தால் சுகம். அவர்களுக்குக் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும் பயிற்சி கொடுப்போம். புஜங்காசனம் அந்த வகை. ஸ்டெனோசிஸுக்கு அது நேர் எதிர், அப்பாவுக்கு வேண்டாம். மாஸ்டர் சொன்ன முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, இடுப்பைப் படுக்கையில் அழுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக முன்னால் குனிந்து கை தரையைத் தேடுவது, இவை ஒரு பக்கம். தொடை, பிட்டத் தசைக்கு பலம் சேர்ப்பது இன்னொரு பக்கம்: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைக் கொஞ்சம் தூக்குவது. தூக்கும்போது இடுப்பு வில்லாக வளையக் கூடாது. தொடையின் முன்பக்கத் தசை இறுகியிருந்தால் அது இடுப்பை முன்னால் இழுத்து வளைவைக் கூட்டும், அதையும் நீட்டிவிட வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பிசியோவிடம் ஒருமுறை கையால் பிடித்துக் கற்றுக்கொள்வது நல்லது. கிளினிக்கில் படுக்க வைத்து கரண்ட் வைப்பது மட்டுமே சிகிச்சை என்றால், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். அது அன்றைக்கு இதமாக இருக்கும், நடக்கும் தூரத்தைக் கூட்டாது.

ஒரு எச்சரிக்கை. எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் ஆஸ்டியோபொரோசிஸ் இருப்பவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், இந்த ஆழமாகக் குனியும் பயிற்சிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகெலும்பு நசுங்கலாம்.

"படுத்த படுக்கை" என்று சொன்னதற்கு வருகிறேன். முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடம் பெரியவர்களுக்கு எல்1-எல்2 மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நரம்பு வேர்களின் கொத்து. அப்பாவின் நெருக்கல் எல்4-எல்5ல். அங்கே திடீரென்று மொத்தமாக முடங்கிப்போவது அபூர்வம். மிதமான தொந்தரவு இருப்பவர்களில் பலர் வருஷக்கணக்கில் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கிறார்கள், சிலருக்குக் குறைவதும் உண்டு. கழுத்தில் இதே நெருக்கல் என்றால் கதை வேறு, அங்கே தண்டுவடமே நசுங்கும். கையில் பட்டன் போட வரவில்லை, நடை தடுமாறுகிறது என்றால் பிசியோ, எண்ணெய் என்று காத்திருக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் "கடுமையானது" என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 10 மி.மீ.க்குக் கீழே போனால் அப்படி எழுதுவது வழக்கம். படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 1990ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், முதுகு வலியே வராத ஆட்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஸ்டெனோசிஸ் இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லாமல்.

பிசியோதெரபியா ஆபரேஷனா என்று நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2015ல் வந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்த 169 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இரு பக்கத்தினரும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். என் தொழிலுக்குச் சாதகமான செய்தி என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பிசியோ பக்கம் போனவர்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். முதலில் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை என்பதற்கு அது ஆதாரம். எல்லோருக்கும் போதும் என்று அர்த்தம் இல்லை.

முதுகில் ஊசி போடலாம் என்று யாராவது சொல்வார்கள். எபிடியூரல் ஸ்டீராய்டு. 2014ல் 400 பேரிடம் செய்த ஆய்வில், மரக்கும் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டதற்கும் மரக்கும் மருந்து மட்டும் போட்டதற்கும் ஆறு வாரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிலருக்குக் கொஞ்ச நாள் நிம்மதி கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் சுகர் சில நாட்களுக்கு ஏறும். போட்டுக்கொண்டால் குளுக்கோமீட்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி அக்கா:

நான் மறுபக்கத்துல இருந்து பேசுறேன் தம்பி. எங்க அம்மாவுக்கும் இதேதான், எல்4-எல்5. வாக்கர் வச்சுகிட்டு, ஊசி போட்டுகிட்டு நல்லாத்தான் ஓட்டிகிட்டு இருந்தாங்க. ஒருநாள் வீட்டுக்குள்ள நடக்கறப்ப வலது கால் செருப்பு கழண்டு கழண்டு விழுந்துச்சு. செருப்பு லூசுன்னு வேற வாங்கிக் குடுத்தோம். அதுவும் நிக்கல. கால் முன்பாதத்தத் தூக்க வரல, தரையில தேய்ச்சு நடக்கறாங்கன்னு பக்கத்து வீட்டு நர்ஸ் பொண்ணு பார்த்துச் சொல்லித்தான் தெரிஞ்சுது. உடனே காட்டினோம், அந்த வாரமே ஆபரேஷன். எலும்ப எடுத்து எடம் பண்ணி விட்டாங்க, ஸ்க்ரூ எதுவும் போடல. கால் வலி அடியோட போச்சு. பாதம் ஓரளவு தூக்க வந்துருச்சு. இடுப்பு வலி மட்டும் இன்னும் இருக்கு, அது போகாதுன்னு டாக்டரும் முன்னாடியே சொன்னார்.

ஆபரேஷன்னாலே பேய் மாதிரி பயப்பட வேணாம்னுதான் சொல்ல வந்தேன். அப்பா பாதத்தத் தூக்கறார்தானே, குதிகாலால நாலு எட்டு வைக்கறார்தானேன்னு வாரம் ஒருதடவை பாருங்க. மூத்திரம் வராம அடைக்கறது, தெரியாமப் போயிடறது, மலம் கட்டுப்படாம போறது, உட்கார்ற எடத்துல தொட்டா உணர்ச்சி இல்லாம இருக்கறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பாக்கக் கூடாது. ஆம்பளைங்க இதையெல்லாம் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க, பிராஸ்டேட்னு நினைச்சு சும்மா இருந்துருவாங்க. நீங்களே கேளுங்க.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் லீவு போட்டுக் கும்பகோணம் வந்துவிட்டேன். மாஸ்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிங் டேபிள் கதையைக் கேட்டதும் அப்பா எழுந்து உட்கார்ந்து, "பார்த்தியா, பார்த்தியா" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா, "நிமிரச் சொல்லலை, போதுமா" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டாக்டரைப் பார்த்தோம். பாதத்தில் நாடி நன்றாக இருக்கிறதாம். பி12 பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறோம், கிரியாட்டினினும் பார்க்கிறார்கள். ப்ரீகேபலின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். குதிகாலில் நடக்கச் சொன்னோம், நடந்தார். செல்வி அக்கா சொன்ன கேள்விகளை நான் கேட்டதும், "என்னடா கேள்வி இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பதில் சொன்னார், எதுவும் இல்லை.

இன்று காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தோம். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான், ஆனால் முழுச் சுற்று முடித்தார்.

இன்னும் இரண்டு கேள்வி. சாலையில் சைக்கிள் ஓட்டுவதைத் தொடர விடலாமா? கால் மரத்துப்போகும் மனுஷர், எங்கள் ஊர் டவுன் பஸ்கள் வருகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாவது, சாரங்கபாணி கோயிலில் விசேஷ நாள் க்யூ. அம்மாவுக்கு அது முக்கியம், அப்பாவுக்கும்தான். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

பிசியோ மதுரை:

உட்கார்ந்திருக்கும்போது மரப்பு இல்லை, பெடலில் பாதம் இருப்பது தெரிகிறது என்றால் காலையில் கூட்டம் இல்லாத தெருவில் ஓட்டட்டும். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கால் பெருவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் எந்தப் பக்கம் மடக்குகிறோம் என்று சொல்கிறாரா பாருங்கள். தெரியவில்லை என்றால் சாலை வேண்டாம். வீட்டில் வைக்கும் எக்சர்சைஸ் சைக்கிள் போதும், இந்த நோய்க்கு அதைவிடத் தோதான உடற்பயிற்சி இல்லை. ஹேண்டில் தாழ்வாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நிமிர்ந்து உட்காரும் மாடலில் அவருக்குப் பலன் குறைவு.

கட்டிங் மாஸ்டர்:

முழுச் சுற்றா! சந்தோசம் தம்பி. ஆனா நாளைக்கே ரெண்டு சுத்துன்னு கெளம்பிருவார், விடாதீங்க.

க்யூவுக்கு நான் ஒண்ணு செய்யறேன். முன்னாடி கம்பித் தடுப்பு இருந்தா அதுமேல முழங்கையப் போட்டுச் சாஞ்சுக்குவேன், நம்ம கட்டிங் டேபிள்னு நெனைச்சுட்டு. தடுப்பு இல்லாத எடத்துல ஒரு கால முன்னாடி படியில தூக்கி வச்சுக்குவேன். அதுவும் இல்லைன்னா குத்த வச்சு உட்கார்ந்துர்றது, வெக்கமெல்லாம் பாக்கறதில்ல. க்யூ நகர்ந்தா அம்மா நகரட்டும், இவர் எந்திரிச்சுப் போய்ச் சேர்ந்துக்கலாம்.

மடக்கற ஸ்டூல் ஒண்ணு வாங்கி மஞ்சப் பைல போட்டுக் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லது. கைத்தடியே விரிச்சா ஸ்டூல் ஆகற மாதிரியும் விக்கறாங்க. என் சம்சாரம் எனக்கு அதத்தான் வாங்கிக் குடுத்துச்சு. ஆன்லைன்ல படத்தப் பார்த்து வாங்காதீங்க, அப்பாவக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சுப் பாருங்க. ரொம்பத் தாழ்வா இருந்தா எந்திரிக்கறப்ப முழங்கால் போயிரும், சைக்கிள் சீட் மாதிரி சின்னதா இருந்தா சாமி கும்புடறதுக்கு முன்னாடி இவரு விழுந்து கும்புட வேண்டி வரும்.